செனி (ஓவியக் கலை) பாடம் எடுத்தா சோறு கிடைக்குமான்னு கேக்குறவங்களுக்கு

இங்க மலேசியாவுல மகளுக்கு அடுத்த வருஷம் ஃபார்ம் ஃபோர், அதாவது பத்தாவது வருஷப் படிப்பு. எந்தெந்தப் பாடம்னு பேக்கேஜ் தேர்வு பண்ற ஃபாரம் வந்து நாலு நாளாச்சு, அவ செனி விசுவல், அதான் காட்சிக் கலைப் பாடம், வேணும்ங்கறா. அவ்ளோதான், வீட்டுல ஆளாளுக்கு ஆரம்பிச்சிட்டாங்க. படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா, அக்கவுண்ட்ஸ் எடுக்கச் சொல்லு, அது படிப்பு வராத புள்ளைங்க எடுக்குற பாடம்னு என் பெரியண்ணனே சொல்றாரு. மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

நான் சுங்கை சிப்புட் பக்கத்துல ரப்பர் எஸ்டேட்டுல, லயத்து வீட்டுல வளந்தவ. அம்மா பால்மரம் வெட்டுனாங்க, அதாவது பட்டையச் சீவி ரப்பர் பால் எடுக்குற வேலை. ஃபார்ம் டூ படிக்கறப்ப செனி வாத்தியாரு, மலாய்க்காரரு, மலாய்ல வாத்தியார கூப்பிடுற மாதிரி சிக்குன்னுதான் கூப்பிடுவோம், உங்களுக்கு நல்லா தெரிஞ்ச மரம் ஒண்ண வரைஞ்சிட்டு வாங்கன்னாரு. பொறந்ததுலேருந்து பாக்குற ரப்பர் மரம்தானேன்னு பத்து நிமிஷத்துல முடிச்சிட்டேன். ஒரு தண்டு, நடுவுல குறுக்கால ஒரு வெட்டு, கீழ பால் பிடிக்கிற ஒரு மங்கு. சிக்கு திட்டல. இது உன் மனசுல இருக்குற மரம், தோட்டத்துல நிக்கிற மரம் இல்ல, போய்ப் பாத்துட்டு வான்னு மட்டும் சொன்னாரு.

சனிக்கிழமை விடியறதுக்கு முன்னாடி அம்மா பின்னாடியே நெரைக்கு, அதான் அம்மா வெட்டுற மர வரிசைக்குப் போனேன், அம்மா தலையில கட்டியிருந்த லைட்டு வெளிச்சத்துல அன்னிக்குத்தான் அந்த வெட்டப் பாத்தேன். அது நேரா இல்லவே இல்ல, இடது பக்கம் மேல ஆரம்பிச்சு வலது பக்கமா சரிஞ்சு எறங்குது, மரத்தச் சுத்தி பாதி தூரம் வந்து நின்னுடுது. ஏம்மா சாச்சு வெட்டுறன்னு கேட்டேன். அப்பதான்டி பால் நெறைய எறங்கும்னாங்க. பட்டைக்குள்ள பால் குழாயெல்லாம் நட்டுக்கு நேரா ஏறாம கொஞ்சம் வலது பக்கமா சாஞ்சு ஏறுது, அதுக்கு எதிரா சாச்சு வெட்டுனா கூடுதலா குழாய் அறுபடும், இது நான் ரொம்ப நாள் கழிச்சு தெரிஞ்சுக்கிட்டது. அம்மா கத்திய இழுக்கறப்ப பட்டை நூலாட்டம் சீவிக்கிட்டு வருது, கொஞ்சம் ஆழமா போயிட்டா மரத்துக்கு காயம், அந்த எடம் முண்டும் முடிச்சுமா வளரும், அப்புறம் அங்க ஒழுங்கா வெட்ட முடியாது. அத்தன வருஷம் நான் சாப்பிட்ட சோறு அந்தக் கோட்டுலேருந்து வந்தது, நான் ஒரு நாளும் அதப் பாத்ததில்ல.

திரும்ப வரைஞ்சு அம்மாகிட்ட காட்டுனேன். அம்மாவுக்கு எழுத்து அவ்வளவா வராது, ரிப்போர்ட் கார்டுல கையெழுத்து போட்டு குடுத்துடுவாங்க, ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இந்தப் படத்த மட்டும் வெளக்குகிட்ட கொண்டுபோயி வெரலால கோட்டத் தடவிப் பாத்துட்டு, இங்கன கொஞ்சம் ஆழமா போயிட்ட, மரம் நோவும்டின்னாங்க. நான் படிச்ச பதினோரு வருஷத்துல அம்மா திருத்துன ஒரே ஹோம்வொர்க் அதுதான்.

இப்ப டவுன்ல தையல் கடை வச்சிருக்கேன். ஒரு தோள் எறங்கி இருக்கும், முதுகு லேசா கூனி இருக்கும், அளவு டேப்பு அதச் சொல்லாது, கண்ணுதான் சொல்லும். அந்தக் கண்ணு எனக்கு செனி கிளாஸ்ல வந்தது.

ஆறாம் வகுப்பு யுபிஎஸ்ஆர் பரீட்சைய 2021ல எடுத்துட்டாங்க, ஃபார்ம் த்ரீ பிடி3 பரீட்சைய 2022ல எடுத்துட்டாங்க, சரி இனிமே புள்ளைங்களுக்கு வரையறதுக்கு நேரம் கிடைக்கும்னு சந்தோஷப்பட்டேன். ஆனா மக ஃபார்ம் டூல இருந்தப்ப பாதி நாளு செனி பீரியட்ல கணக்குதான் நடந்துச்சு. கணக்கு வேணாம்னு யாரு சொன்னா? அதுக்கு இந்த நேரத்த ஏன் எடுக்கணும்?

பாடத்துல என்ன இருக்குன்னு பாக்காமலே லேசா பேசுறோம். நுண்கலை மட்டும் இல்ல, போஸ்டர் மாதிரி காட்சித் தொடர்பு இருக்கு, வடிவமைப்பு இருக்கு, பாத்தேக், மரச்செதுக்கு மாதிரி கைவினையும் இருக்கு. ஃபார்ம் ஃபைவ்ல எழுதுற எஸ்பிஎம் பரீட்சையில எழுத்துத் தாளோட ஒரு புரோஜெக்டும் செய்யணும், ஸ்கெட்சுலேருந்து கடைசிப் பொருள் வரைக்கும் ஒவ்வொரு படியையும் காட்டணும். படிப்பு வராத புள்ளைங்க பாடமா இது?

நம்ம ஆளுங்க யாரு இதுல மேல வந்தாங்கன்னு அண்ணன் கேட்டாரு. சையத் தாஜுதீன்னு பேரு சொன்னேன். ராமநாதபுரம் பக்கம் அழகன்குளத்துல பொறந்து, பினாங்குல வளந்து, சென்னை ஓவியக் கல்லூரியில படிச்சிட்டு வந்து ராமாயணத்த பெரிய பெரிய கேன்வாஸ்ல வரைஞ்சவரு. அண்ணன் கேள்விப்பட்டதே இல்லன்னாரு. யாரு சொல்லிக் குடுத்தா அண்ணனுக்கு?

அதுக்காக மக ஓவியரா ஆவான்னு நான் சொல்லல. கலர், பிரஷ்ஷு, பேப்பர்னு செலவு இருக்கு, எஸ்டேட்டு சம்பளத்துல அது பாரம்தான், அந்தக் கஷ்டம் எனக்கும் தெரியும். எங்க காலத்துல சிக்கு தன் கைக்காசுல பேப்பர் வாங்கிக் குடுத்தாரு, எல்லா புள்ளைக்கும் அப்படி ஒருத்தர் அமையாது.

ஃபாரத்துல செனி விசுவல் போட்டு கையெழுத்தும் போட்டாச்சு. ஆளு சேரலன்னா அந்தப் பாடத்த தொறக்க முடியாதுன்னு ஸ்கூல்ல சொல்றாங்க. இதுவரைக்கும் ஆறு புள்ளைங்கதான். நம்ம டவுன்ல ஃபார்ம் த்ரீ படிக்கிற புள்ளைங்க அம்மா அப்பா யாராவது இதப் படிச்சா, உங்க புள்ளைக்கு ஆசை இருக்கான்னு இன்னிக்கு ராத்திரி ஒரு வார்த்த கேளுங்க. இருந்தா எனக்கு மெசேஜ் போடுங்க, வெள்ளிக்கிழமை சேர்ந்து போய் பேசலாம்.