கிணறு 17

அரையாண்டுப் பரீட்சைகள் முடிந்து விடுதிகள் வெறுமையான மறுவாரமே, எங்கள் பக்கத்து உயர்கல்விக் கல்லூரி ஒன்றின் பருவ இறுதிச் செய்திமடல் வாட்ஸ்அப் வழியாக வந்து சேர்ந்தது. கல்லூரியின் பெயரை எழுதப் போவதில்லை. நான் சொல்ல வரும் குறையை வேறு மடல்களிலும் கண்டிருக்கிறேன்.

முதலில் மகிழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். முதுநிலை விரிவுரையாளராக உயர்ந்தவர்கள், கலாநிதிப் பட்டம் முடித்துத் திரும்பியவர்கள், ஆய்வு நிதி பெற்றவர்கள் என்று பக்கம் பக்கமாகப் படங்கள் இருந்தன. அவர்களில் இருவர் என்னிடம் உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்கள். இலங்கையின் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் விரிவுரையாளர்கள் பலர் நாட்டை விட்டுப் போய்விட்ட நிலையில், வெளியே போய்ப் படித்தவர் திரும்பி வந்து இங்கேயே கற்பிக்கிறார் என்பது சிறிய செய்தியன்று. மாலை போட்ட படங்கள் கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் அது நம்முடைய பழக்கம், போகட்டும்.

ஆய்வு வெளியீடுகளின் பக்கத்தில்தான் நான் நின்றுவிட்டேன். ஆங்கிலத்தில் கட்டுரைத் தலைப்பு, சஞ்சிகையின் பெயர், அதன் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்று காட்டும் தாக்கக் காரணி. இவற்றுக்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. அப்பட்டியலின் நடுவில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்து நிலத்தடி நீரில், பசளையிலிருந்தும் மலக்குழியிலிருந்தும் ஊறி வரும் நைத்திரேற்று எவ்வளவு இருக்கிறது என்பது பற்றிய கட்டுரை ஒன்றும் இருந்தது. அந்த ஆய்வை எனக்குத் தெரியும், ஏனென்றால் அதற்குத் தண்ணீர் கொடுத்த கிணறுகளில் ஒன்று என் மாமியுடையது.

போன வருடம் மாணவர்கள் நால்வர் சைக்கிள்களில் வந்தார்கள். கிணற்றுக்கட்டில் சிவப்பு மையினால் 17 என்று எழுதினார்கள். வாளியை இறக்கி அள்ளிய தண்ணீரால் போத்தலை முதலில் இரண்டு மூன்று தரம் அலசிவிட்டுப் பிறகு நிரப்பி, கழுத்தில் ஒட்டுநாடாவைச் சுற்றி அதிலும் 17 என்று எழுதி, ஐஸ் போட்ட பெட்டிக்குள் வைத்தார்கள். கக்கூசுக் குழி கிணற்றிலிருந்து எத்தனை அடி, தோட்டத்துக்கு எத்தனை தரம் யூரியா போடுகிறீர்கள் என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். முறையான வேலை; பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பெருமையாகவே இருந்தது. மாமி அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். அதன் பிறகு என்னைக் காணும்போதெல்லாம் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "தம்பி, அந்தப் பிள்ளையள் தண்ணி எடுத்துக்கொண்டு போனவை. என்ன முடிவெண்டு ஒண்டும் சொல்லேல்லையே?"

செய்திமடலைப் பார்த்த அன்றிரவு அந்தக் கட்டுரையை இணையத்தில் தேடி எடுத்தேன். கட்டுரைக்குள் சராசரிகளும் வரைபடங்களும்தான் இருந்தன. பின்னிணைப்பு அட்டவணையில் கிணறுகள் இலக்கப்படி வரிசையாகத் தரப்பட்டிருந்தன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. கிணறு 17 அந்த எல்லையைத் தாண்டியவற்றுள் ஒன்று.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், இந்த வருடம் மாமியின் மகள் பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். பால் போதாமல் சில வாரங்கள் பால்மா கரைத்துக் கொடுத்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுத்தான் கரைத்தார்கள். மாமியின் சுத்தத்தில் யாரும் குறை காண முடியாது. ஆனால் கொதிக்கவைத்தால் கிருமிதான் சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் குடலுக்குள் அது நைத்திரைற்றாக மாறிக் குருதியிலுள்ள ஈமோகுளோபினைக் கெடுப்பதால், ஒட்சிசன் கொண்டுசெல்லும் வலு குறைந்து உடம்பு நீலம் பாயலாம். எங்கள் பிள்ளைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அது எங்கள் அதிர்ஷ்டம், எவருடைய ஆய்வினதும் பயன் அன்று.

யாழ்ப்பாணத்தில் இது புதுக் கதையுமில்லை. வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லாத குடாநாடு இது. வழுக்கையாறு கூட மாரியில் மட்டும்தான் ஆறு. வெடிப்பும் துவாரமுமான சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கும் மழைநீரைத்தான் குடிக்கிறோம், அதைத்தான் தோட்டத்துக்கும் இறைக்கிறோம். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடும் பசளையும், வீட்டுக்கு வீடு இருக்கும் மலக்குழியின் ஊறலும் அதே கல்லின் வழியே அதே தண்ணீருக்குத்தான் போகின்றன. இதை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதி வருகிறார்கள். நாற்பது வருடமாக எழுதப்பட்டு வரும் ஒரு விடயத்தை, கிணற்றடியில் நின்று தண்ணீர் அள்ளுபவர் இன்றும் அறியாதிருக்கிறார் என்றால், அந்த எழுத்து எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறது என்று கேட்கத்தானே வேண்டும்.

ஒரு சாதனையைச் செய்தியாக்குவது என்றால், என்ன கண்டார்கள் என்று சொல்வதுதான். பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த பேராசிரியர் அழகையா துரைராஜாவை எடுத்துக்கொள்வோம். அவர் கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகிய இருவருடன் சேர்ந்து 1963இல் வெளியிட்ட கட்டுரையை "பெயர்பெற்ற சஞ்சிகையில் ஒரு கட்டுரை" என்று சொல்லிவிட்டால், கேட்பவருக்கு ஒன்றுமே கிடைக்காது. பாரம் ஏற ஏறக் களிமண் எப்படி இளகி உருமாறுகிறது என்பதைக் கணக்கில் பிடித்த வேலை அது, கட்டடமும் அணையும் நிற்கும் மண்ணைப் பற்றிய அறிவு அதன் மேல் வளர்ந்தது என்று சொன்னால் அத்திவாரம் வெட்டுகின்ற மேசன் கூடத் தலையாட்டுவார். அதேபோல, 1974இல் இப்பல்கலைக்கழகத்தின் முன்னோடியான யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது முதற் தலைவராக வந்த பேராசிரியர் கைலாசபதி, அதற்கு முன்னர் கொழும்பின் தினகரன் நாளிதழின் ஆசிரியராக இருந்தவர். புலமைக்கும் பொதுவாசகருக்கும் நடுவில் அவர் மதில் எழுப்பவில்லை. அந்த வழியில் வந்த ஊரில், இன்று தமிழில் ஒரு பந்தி எழுதுவது தரக்குறைவாகிவிட்டதா?

ஒரு விரிவுரையாளரிடம் இதை நேரில் கேட்டேன். தனிக் கிணறுகளின் முடிவை வெளியே சொல்வதில் ஆய்வு நெறிமுறைச் சிக்கல் உண்டு என்றார். ஊராருக்குச் சொல்வதில் இருக்கலாம், ஆனால் கிணற்றின் உரிமையாளருக்கே அவருடைய முடிவைச் சொல்வதில் என்ன சிக்கல் என்று எனக்கு விளங்கவில்லை. மாற்று வழி இல்லாத சனத்தைப் பயப்படுத்தக் கூடாது என்பது அவருடைய இரண்டாவது நியாயம். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. வலிகாமத்திலேயே உள்ள சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில் ஒரு தரப்பு உண்டு என்றும் மறு தரப்பு இல்லை என்றும் சொல்லச் சொல்ல, சனம் பட்ட குழப்பத்தை நாம் மறக்கவில்லை. ஆனால் அன்று குழப்பியது தெளிவாகவும் ஒரே குரலிலும் சொல்லாமை. மேலும், நைத்திரேற்று விடயத்தில் சொல்ல வேண்டியது மிகச் சிறிது: கைக்குழந்தைக்கு இந்தத் தண்ணீரைக் கொடுக்காதீர்கள், கொதிக்கவைப்பதை நம்பாதீர்கள், சாதாரண கரி வடிகட்டி இதைப் பிடிக்காது, வேறு தண்ணீர் எடுங்கள்.

அவர் சொல்லாமல் விட்ட மூன்றாவது காரணம்தான் எனக்கு மெய்யாகப் படுகிறது. பதவி உயர்வுப் புள்ளித்திட்டத்தில் சமூகத்துக்கு அறிவைக் கொண்டுசேர்ப்பதற்கும் இடம் உண்டு. ஆனால் சஞ்சிகைக் கட்டுரைக்கு இருக்கும் மவுசு, சனசமூக நிலையத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்டும் தாளுக்கு இல்லை. அவரை மட்டும் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. விடைத்தாள் திருத்தி, வெளியேறியவர்களின் பாடங்களையும் சேர்த்துக் கற்பித்துக்கொண்டு, இரவில் கட்டுரை எழுதுபவர் அவர்.

ஆகவே நான் கேட்பது சிறிய விடயம். அடுத்த செய்திமடலில் ஊரிலிருந்து மாதிரி எடுத்த ஒவ்வொரு ஆய்வுக்கும் என்ன தேடினார்கள், என்ன கிடைத்தது, வீட்டுக்காரர் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் அரைப் பக்கம் இருக்கட்டும். அதே அரைப் பக்கம் அந்தந்த ஊரின் சனசமூக நிலையத்துக்கும் போகட்டும். அங்கே இன்னும் காலையில் பேப்பர் படிக்க வருபவர்கள் இருக்கிறார்கள். போத்தல் சுமந்த அந்த நான்கு மாணவர்களின் பெயரையும் எங்காவது போடலாம். நான் பார்த்த மடலில் அவர்கள் இல்லை.

மறுநாள் போய் மாமியிடம் முடிவைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப குழந்தைக்குக் குடுத்தது?" என்று மட்டும் கேட்டார். பிறகு கிணற்றடிக்குப் போனோம். தைப்பொங்கலுக்குக் கட்டு முழுவதும் வெள்ளை அடித்திருந்தார்கள். அந்தச் சிவப்பு 17ஐச் சுற்றி மட்டும் ஒரு சாண் அளவுக்குப் பூசாமல் விட்டிருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"அவை முடிவு சொல்ல வரேக்க கிணறு தெரிய வேணுமே, தம்பி" என்றார்.