முற்றுகை கேம் செய்யிற தம்பி தங்கச்சிமாருக்கு: சங்கக்கடைக் கொப்பியில் இருந்து தொடங்குங்கள்

கிளிநொச்சி அறிவியல் நகர், வவுனியா பம்பைமடு வளாகங்களில் கேம் செய்து பழகும் பிள்ளைகள் கூடிக்கொண்டு வருகிறார்கள். முற்றுகைக்குள் அகப்பட்ட தலைநகரைக் காப்பாற்றும், முறை மாறி ஆடும் கேம் என்றால் பலருக்கும் ஆசை. ஆனால் எல்லோரும் முதலில் கீறுவது அறுகோணக் கட்டம். பிறகு டாங்கி, ஆட்லறி. சாப்பாடு கடைசியில் வந்து, திரையின் மூலையில் ஒரு சாக்குப் படமும் "+10" என்ற இலக்கமுமாக ஒட்டிக்கொள்ளும். வெளிநாட்டுக்காரன் அப்படிச் செய்தால் விட்டுவிடலாம். வன்னியில் பிறந்தவர் செய்தால் மன்னிக்க மாட்டேன். கூட்டுறவுச் சங்கக்கடைக் கொப்பியில் எழுதுகிற மாதிரி, சாப்பாட்டு வரவு செலவில் இருந்துதான் கேமைத் தொடங்க வேண்டும்.

முதலில் கணக்கைப் பாருங்கோ. போஸ்னியாவின் தலைநகர் சரயேவோவின் முற்றுகை 1992 ஏப்ரல் முதல் 1996 பெப்ரவரி வரை நீண்டது. 1992 ஜூலை தொடங்கி 1996 ஜனவரி வரை ஐ.நா. விமானங்கள் 12,000 தடவைக்கு மேல் பறந்து, ஏறத்தாழ 1,60,000 தொன் இறக்கின. நாளுக்குச் சராசரி 125 தொன். உள்ளே மூன்றரை முதல் நாலு லட்சம் சனம். ஆளுக்கு 300 கிராம் சொச்சம், அதுவும் மருந்து எல்லாம் சேர்த்து. "+10" போடுகிறவர்கள் இந்தச் சராசரியைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். சராசரியை ஒருவரும் சாப்பிட்டதில்லை. 1992 செப்டெம்பர் 3 இல் இத்தாலிய விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டதும் ஒரு மாதமளவு பறப்பு நின்றது. 1995 இல் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை விமான நிலையம் பூட்டு.

இதைக் கேமில் கொண்டுவருவது கஷ்டமில்லை. ஒரு முறை என்பது ஒரு கிழமை. ஒவ்வொரு முறையும் ஆறு பக்கத் தாயக்கட்டை இரண்டை உருட்டுங்கள். கூட்டுத்தொகை 2, 3, 4 என்றால் பாதை பூட்டு. பூட்டின பாதை திறக்க 9 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். திறந்திருக்கும் பாதை பூட்டுவதற்கான வாய்ப்பு ஆறில் ஒன்று. பூட்டினால் சராசரியாக மூன்றரைக் கிழமைக்குத் திறக்காது. நாலு கிழமை இருப்பு இல்லாதவர் மாட்டுப்படுவார். இருப்பைக் கூட்டி ஒரே களஞ்சியத்தில் வைத்தால் ஒரு ஷெல்லோடு போய்விடும். பிரித்து வைத்தால் ஏற்றி இறக்க எரிபொருள், காவலுக்கு ஆள். மாரி மாதத்தில் மாவுக்கு வண்டு விழுந்து கிழமைக்கு 2 வீதம் கழியட்டும். ஆடுபவர் மண்டையை உடைக்கிற இடம் இதுவாக இருக்க வேண்டும்.

சுரங்கம் வைக்க விரும்பினால் அதன் அகலத்தைக் கணக்கில் எடுங்கள். விமான நிலையத்துக்கு அடியால் 1993 நடுப்பகுதியில் முடிந்த சரயேவோச் சுரங்கம் 800 மீற்றர் அளவு நீளம், ஒரு மீற்றர் அகலம், 1.6 மீற்றர் உயரம். அந்த அகலத்தில் போகிறதும் வருகிறதும் ஒரே நேரத்தில் நடக்காது. காயக்காரர் வெளியே போனால் அந்த நேரத்துக்கு மா உள்ளே வராது. ஆடுபவர் ஒன்றைத்தான் தெரிவு செய்யலாம்.

அடுத்தது தொழில்நுட்ப மரம், அதாவது எதற்குப் பிறகு எந்தக் கருவி கிடைக்கும் என்று காட்டும் கிளைப்படம். வழமையான கேம்களில் இது மேல்நோக்கி வளரும்: வில், துவக்கு, டாங்கி. முற்றுகைக்குள் மரம் கீழ்நோக்கி வளரும். 1990 இலிருந்து 2002 வரை பொருளாதாரத் தடைக்குள் இருந்த வன்னியை விட இதற்கு நல்ல பாடநூல் எங்கே கிடைக்கும்? பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெய். பற்றரி இல்லை, சைக்கிள் டைனமோ. மின்சாரம் இல்லை, ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் இரண்டு கரண்டி எண்ணெயும். சீமெந்து இல்லை, பங்கருக்குப் பனங்குற்றியும் மண்மூட்டையும். கடைசிக் காலத்தில் சாக்கும் இல்லாமல் சேலையை வெட்டித் தைத்த மூட்டை.

கேமில் ஒவ்வொரு மாற்றீட்டுக்கும் ஒரு கடன் இருக்க வேண்டும். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. காபரேற்றருக்குக் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறின பிறகு மாற்ற வேண்டும். ஆகவே மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிளுக்கும் சொட்டுப் பெற்றோல் இருப்பு வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கப்பண்ணும். பிளக்கில் கரி பிடிக்கும். மூன்று முறைக்கு ஒருக்கால் வண்டி நிற்கட்டும். டைனமோ ரேடியோ செய்தி தரும், ஆனால் மிதிக்க ஒரு ஆள் போய்விடும். பனை தறித்தால் பங்கர் பலம். ஓலை, நுங்கு, கிழங்கு எல்லாம் அதோடு சரி, ஆட்டம் முடியும் வரை திரும்பி வராது. சரயேவோவில் பூங்கா மரங்கள் விறகானதும் இதே கணக்குத்தான்.

பங்கீட்டை எப்போது தொடங்குவது என்பதையும் ஆடுபவரிடமே விடுங்கள், சிவப்பு விளக்குப் போட்டு எச்சரிக்க வேண்டாம். பாரிஸ் 1870 செப்டெம்பரில் சூழப்பட்டது. பாணுக்குப் பங்கீடு வந்தது 1871 ஜனவரி நடுப்பகுதி கடந்த பிறகு. அந்த மாதம் 28 இல் போர்நிறுத்தம். சனம் குழம்பும் என்று பயந்து பிந்தினார்கள். அறிவித்தால் மனவலு உடனே குறையும், அறிவிக்காவிட்டால் எட்டு முறை கழித்து இருப்புத் தீரும் என்று வையுங்கள்; ஆடுபவரும் பிந்துவார்.

நான் பார்த்த கேம்களில் பிழையாக இருக்கிற ஒன்று: சனத்தொகை இலக்கம். எல்லாக் கேமிலும் அது உண்மையான தொகை, திரையில் தெரியும். 2009 தொடக்கத்தில் வன்னிக்குள் 70,000 பேர்தான் என்று அரசு சொன்னது. முடிவில் முகாம்களுக்குள் வந்தவர்கள் 2,80,000 பேருக்கு மேல். கப்பலில் வருகிற சாப்பாடு எந்த இலக்கத்துக்கு அளக்கப்படும்? கிராம சேவையாளரின் பதிவு ஒன்று, வெளியே ஏற்கப்படும் தொகை இன்னொன்று. இந்த இரண்டையும் தனித்தனி மாறிகளாக வைத்து, வருகிற சாப்பாட்டின் அளவை இரண்டாவதோடு கட்டுங்கள். பதிவைச் சரியாக வைத்து வெளியே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு ஆடுபவர் ஒரு முறையைச் செலவழிக்கலாம், அது ஏற்கப்படாமலும் போகலாம். டாங்கிச் சண்டையை விட இது ஆளை உலுக்கும்.

"தலைநகர் விழுந்தால் ஆட்டம் முடிந்தது" என்ற விதியைத் தூக்கி எறியுங்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தலைநகர் மத்ரித்தை விட்டு அரசாங்கம் 1936 நவம்பரிலேயே வலென்சியா போனது; நகரம் 1939 மார்ச் வரை நின்றது. கிளிநொச்சியில் நேர் எதிர். இராணுவம் 2009 ஜனவரி 2 இல் உள்ளிட்டபோது சனம் ஏற்கெனவே கூரைத்தகடும் கதவுநிலையும் கழற்றி ஏற்றிக்கொண்டு தருமபுரம், விசுவமடுப் பக்கம் போயிருந்தது. பழைய விதிப்படி கேம் அன்றைக்கே முடிந்திருக்கும். தலைநகரை நகரும் காயாக வையுங்கள். ஒவ்வொரு நகர்விலும் களஞ்சியத்தில் பாதி விடுபடும், கிணறும் மலசலகூடமும் முழுக்க விடுபடும். நிவாரண வேலையில் ஆளுக்கு நாளுக்கு 15 லீற்றர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு மலசலகூடம் என்பது குறைந்த அளவு. இரண்டு முறைக்குள் அதை எட்டாவிட்டால் வயிற்றோட்டம் தொடங்கட்டும். வெற்றிப் புள்ளி உயிரோடு இருப்பவர்களின் தொகை மட்டும்.

இப்படியான கேமை யார் விளையாடுவார் என்று கேட்பீர்கள். 2014 இல் போலந்துக்காரர் செய்த 'திஸ் வார் ஒஃப் மைன்' சரயேவோவை மனதில் வைத்து, அடுப்பையும் மருந்தையும் நடுவில் வைத்து உலகம் முழுக்க விற்றது. அது இந்த வகைக் கேம் இல்லைத்தான், ஆனாலும் சந்தை இருக்கிறது.

கோட் எழுத முதல் ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி, இரண்டு தாயக்கட்டை, ஒரு சிரட்டை புளியங்கொட்டையோடு 12 கிழமை ஓட்டிப் பாருங்கள். சங்கக்கடை முகாமையாளராக இருந்த ஒருவரைக் கூப்பிட்டு இருத்துங்கள்; நிவாரணம் நிறுத்துக் கொடுத்தவருக்கு எந்த விதி பொய் என்று உடனே தெரியும். மூன்றாம் கிழமையிலேயே அவர் அளவைக் குறைக்கத் தொடங்கினால் தொடக்க இருப்புச் சரி. பத்தாம் கிழமையிலும் கவலையில்லாமல் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தால் இருப்பில் மூன்றில் ஒன்றை வெட்டிவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள்.