டிக்கி இல்லை, டிக்

மெக்கானிக்: டிக்கி நல்லாத்தானே திறக்குது அக்கா?

அக்கா: நான் டிக்கின்னு சொல்லல தம்பி. டிக்குனு ஒரு சத்தம் வருதுன்னேன்.

மெக்கானிக்: அதான், டிக்கியில சத்தம். லாக்கு லூசா இருக்கும். (ஸ்க்ரூ டிரைவரை எடுத்து லாக்கைக் கழற்ற ஆரம்பிக்கிறார்)

அக்கா: டிக்கியை விடுங்க. முன்னாடி வாங்க. சாவியைத் திருப்பினா டிக். அவ்வளவுதான். செல்ஃப் சுத்தாது.

மெக்கானிக்: ஓ, செல்ஃப் எடுக்கலையா! முதல்லயே சொல்ல வேண்டியதுதானே. பேட்டரி போயிருக்கும்.

அக்கா: போன மாசம்தான் நீங்க புதுசு போட்டீங்க.

மெக்கானிக்: அப்ப செல்ஃப் மோட்டார்.

அக்கா: அது அதுக்கு முந்தின மாசம்.

மெக்கானிக்: டைனமோ?

அக்கா: அது அதுக்கும் முந்தி. என் வண்டியில இருந்து நீங்க கழட்டி ஓரமா போட்ட சாமானை எல்லாம் சேர்த்தா இன்னொரு வண்டி கட்டிடலாம். அது ஒழுங்கா ஸ்டார்ட் ஆகும்.

மெக்கானிக்: எங்க, இப்ப அடிங்க பாப்போம்.

(அக்கா சாவியைத் திருப்புகிறார். ஒரே சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொள்கிறது. அப்போது மெக்கானிக் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும் பாருங்கள், அதைப் பார்க்கச் சகிக்காமலே வண்டியை விற்றவர்கள் உண்டு.)

மெக்கானிக்: வண்டிக்கு ஒண்ணும் இல்ல அக்கா. ஸ்டார்ட் ஆகாதப்ப கொண்டு வாங்க, பாத்துடலாம்.

அக்கா: ஸ்டார்ட் ஆகாதப்ப எதுல கொண்டு வர்றது?

மெக்கானிக்: இதுலதான்.

அக்கா: இது ஸ்டார்ட் ஆகாதே.

மெக்கானிக்: ஆமா, அப்பதான் கொண்டு வரணும்.

அக்கா: ...

மெக்கானிக்: சார் வந்திருக்காரா? சார்கிட்ட சொன்னா புரியும்.

அக்கா: சாருக்கு இந்த வண்டியில தெரிஞ்சது பின்சீட்டு மட்டும்தான். என்கிட்டயே சொல்லுங்க. சத்தம் ஒரே ஒரு டிக்கா, விடாம டிக்டிக்டிக்கான்னு இந்த மூணு மாசத்துல ஒரு தடவையாவது கேட்டீங்களா?

மெக்கானிக்: எல்லாம் டிக்குதானே அக்கா.

அக்கா: விடாம டிக்டிக்னு கேட்டா பேட்டரியில சார்ஜ் இல்லாம இருக்கலாம், லைட்டும் கூடவே மங்கும். எனக்கு ஒரே டிக். ஹெட்லைட்டைப் போட்டுட்டு அடிச்சுப் பாத்தேன், வெளிச்சம் குறையவே இல்ல. அப்ப பேட்டரி நல்லாத்தான் இருக்கு, மோட்டாருக்குப் போய்த் திரும்புற வழியில எங்கயோ தடங்கல். காலையில உடனே எடுக்குது. 45 நிமிஷம் ஓட்டி நிறுத்தினா எடுக்காது. ஆற விட்டா எடுக்குது. 11 தடவை நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்.

மெக்கானிக்: சூட்டுலதான் எடுக்கலையா! அப்ப செல்ஃப் மோட்டாரேதான். கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும்.

அக்கா: ரெண்டு மாசத்துலயா?

மெக்கானிக்: சிலது தேயும்.

அக்கா: அளந்துட்டுச் சொல்லுங்க, நம்புறேன். மீட்டர் இருக்கா?

மெக்கானிக்: இருக்கே! (பேட்டரியில் வைத்து) 12.6 வோல்ட். ஃபுல்லு. சூப்பர் பேட்டரி.

அக்கா: சும்மா நிக்கிறப்ப எல்லாரும் ஃபுல்லுதான். வேலை கொடுக்கிறப்ப பாக்கணும். ஒரு முனையை பேட்டரி மைனஸ்ல வைங்க, இன்னொண்ணை இன்ஜின் இரும்புல வைங்க. நான் செல்ஃப் அடிக்கிறேன்.

மெக்கானிக்: மைனஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல என்ன அக்கா இருக்கப்போகுது?

அக்கா: ஒண்ணும் இருக்கக்கூடாது. அரை வோல்ட்டைத் தாண்டினாலே தப்பு.

(அடிக்கிறார். ஸ்டார்ட் ஆகிறது. மறுபடியும் அந்த மலர்ச்சி.)

அக்கா: எவ்வளவு காட்டுச்சு?

மெக்கானிக்: 1.1. அதான் ஸ்டார்ட் ஆயிடுச்சே, நம்பர் எதுக்கு?

(இன்னொரு தடவை. இன்னொரு தடவை. நான்காவதாக, டிக்.)

மெக்கானிக்: டிக்கி...

அக்கா: மீட்டரைப் பாருங்க!

மெக்கானிக்: ஏழு!

(கீழே படுத்துப் பார்த்தால், பேட்டரி மைனஸிலிருந்து வந்து கியர் பாக்ஸ் போல்ட்டில் மாட்டியிருக்கும் எர்த் வயர் பச்சை பூத்து, விரலால் தொட்டாலே ஆடுகிறது.)

மெக்கானிக்: எர்த்து வயரு அக்கா! நான் அப்பவே நினைச்சேன்.

அக்கா: எப்ப? பேட்டரிக்கு பில் போட்டப்பவா, மோட்டாருக்குப் போட்டப்பவா? நீங்க எதையாவது கழட்டி மாட்டுறப்ப எல்லாம் இந்த வயரும் கொஞ்சம் அசைஞ்சிருக்கும். அதனாலதான் ஒவ்வொரு தடவையும் பத்து நாள் ஒழுங்கா ஓடுச்சு. வயரை ஆட்டினதுக்கு நான் டைனமோ விலை குடுத்திருக்கேன்.

மெக்கானிக்: விடுங்க அக்கா. புது வயரே போட்டு, துருவைச் சுரண்டி இறுக்கிடறேன். (தயங்கி) ஒரே ஒரு விஷயம். டிக்கி மூட மாட்டேங்குது. லாக்கைக் கழட்டினேன்ல...

அக்கா: எப்பவாவதா, எப்பவுமா?

மெக்கானிக்: எப்பவுமே மூடல அக்கா.

அக்கா: அப்ப சரி. அதை நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்க.