மார்ஸ் வேறு, ஏரிஸ் வேறு

"ரோமானியர்கள் கிரேக்கக் கடவுள்களை அப்படியே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பள்ளிப் பாடங்களிலும் இப்படித்தான் வருகிறது என்பதால் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் இது சரியல்ல.

ரோமானியர்களின் போர்க்கடவுள் மார்ஸையே பாருங்கள். அவருக்கு இணையாகச் சொல்லப்படும் ஏரிஸ், கிரேக்கர்களின் போர்க்கடவுள், ரத்தவெறி பிடித்தவர். இலியட் காவியத்தில் சொந்தத் தந்தை சியூஸே, "ஒலிம்பஸ் தேவர்களில் எனக்கு மிகவும் வெறுப்பானவன் நீதான்" என்கிறார். மார்ஸோ ரோமை நிறுவிய ரோமுலஸின் தந்தை, அந்த மக்களின் மூதாதை. மார்ச் மாதம் அவர் பெயரால் வந்தது. பழைய ரோமானிய ஆண்டு தொடங்கியதும் அந்த மாதத்தில்தான். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமானிய அரசியல்வாதி கேட்டோ எழுதிய வேளாண் நூலில், பயிரையும் கால்நடையையும் நோயிலிருந்து காக்கும்படி ஒரு விவசாயி வேண்டுவது மார்ஸிடம்தான். ஏரிஸிடம் எந்தக் கிரேக்க உழவன் அப்படி வேண்டியிருப்பான்?

ஜானஸுக்குக் கிரேக்கத்தில் இணையே கிடையாது. வாசல்களுக்கும் தொடக்கங்களுக்கும் உரிய இரட்டை முகக் கடவுள் அவர். போர் நடக்கும்போது அவர் கோயில் கதவு திறந்திருக்கும், அமைதி வந்தால் மூடப்படும். தன் ஆட்சியில் மூன்று முறை அதை மூட செனட் ஆணையிட்டதை ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் பெருமையோடு பதிவுசெய்திருக்கிறார்.

அப்பல்லோவின் கதை இதற்கு நேர்மாறானது. உண்மையிலேயே கிரேக்கத்திலிருந்து வந்தவர் அவர், ஆனால் பெயர் மாறவே இல்லை.

ரோமானியர்கள் கதைகளைப் பெருமளவில் கடன் வாங்கினார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வழிபாடு பெரும்பாலும் அவர்களுக்கே சொந்தமானது.