எண்ணிவிட்டால் அறிவியல் ஆகிவிடுமா?

நாடுகள் ஒன்றோடொன்று நடந்துகொள்வதை ஆராயும் பன்னாட்டு உறவுகள் துறை பற்றி ஓர் இணையவழிக் கருத்தரங்கு நடந்தது. "தரவு இல்லாமல் பேசுவதெல்லாம் கதை, பன்னாட்டு உறவுகள் இன்று ஓர் அறிவியல்" என்று அதில் பேசிய ஒருவர் சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். தட்டட்டும். எதைப் போர் என்று கணக்கில் சேர்ப்பது என்பதைத் தரவா முடிவு செய்தது?

1963-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிஞர் டேவிட் சிங்கர் தொடங்கிய 'கோரிலேட்ஸ் ஆஃப் வார்' திட்டத்தைத்தான் இத்துறையில் பலரும் நம்பியிருக்கிறார்கள். 1816-க்குப் பிந்தைய போர்களின் பட்டியல் அது. அதன் விதிப்படி, 1920-க்கு முன் ஓர் அரசு 'நாடு' ஆக வேண்டுமானால் பிரிட்டனும் பிரான்சும் அங்கே தூதரக உறவு வைத்திருக்க வேண்டும். ஆகவே, நெப்போலியன் படையில் இருந்தவர்களிடம் பயிற்சி பெற்ற படையுடன் சீக்கியரின் லாகூர் அரசு 1845-இல் ஆங்கிலேயரோடு மோதியது நாடுகளுக்கிடையிலான போர் ஆகாதாம். நாடு என்று ஏற்கப்படாதவர்களோடு நடந்த போர்களுக்கான வேறொரு பட்டியலில் அது கிடக்கிறது. எண்ணத் தொடங்கும் முன்பே கோட்பாடு உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

எல்லா அறிவியலிலும் வரையறை உண்டே என்பீர்கள். உண்டுதான். ஆனால் காய்ச்சலுக்கு அளவு வைக்கும் மருத்துவர், நோயாளியை லண்டன் அங்கீகரித்திருக்கிறதா என்று கேட்பதில்லை.

மக்களாட்சி நாடுகள் தங்களுக்குள் போரிடுவதில்லை என்பது இத்துறையில் அனுபவத்தால் நிறுவப்பட்ட விதிக்கு மிக நெருங்கிய கூற்று என்று 1988-இல் அமெரிக்க அரசியல் அறிஞர் ஜாக் லெவி எழுதினார். பதினோரே ஆண்டில் கார்கில் போர் வந்தது; இரு பக்கமும் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகள். உடனே, பாகிஸ்தானில் முடிவெடுத்தது ராணுவம், அது உண்மையான மக்களாட்சியே அல்ல என்றார்கள். இருக்கலாம். ஆனால் விதிவிலக்கு வரும்போதெல்லாம் வரையறையை இறுக்கிக்கொண்டே போவதைத்தானே அறிவியல் எது என்று ஆராய்ந்த தத்துவஞானி கார்ல் பாப்பர் கண்டித்தார்? அறிவியல் என்று மார்தட்டுபவர்கள் அவரையாவது படித்திருக்க வேண்டாமா?

எண்களே வேண்டாம் என்கிறேன் என்று திரிப்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை.

என் முனைவர்பட்ட வாய்மொழித் தேர்வு நினைவுக்கு வருகிறது. 1962 இந்திய-சீனப் போருக்கு முன் நேருவும் சீனப் பிரதமர் சூ என்லாயும் எழுதிக்கொண்ட கடிதங்களை வரிவரியாகப் படித்து எழுதிய ஆய்வு அது. தேர்வாளர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே, "அட்டவணை ஒன்றுகூட இல்லையே, நீங்கள் வரலாற்றுத் துறைக்குப் போயிருக்கலாமே" என்று சிரித்தார், மற்றவர்களும் சிரித்தார்கள். அந்தக் கடிதங்களில் என்ன இருந்தது என்று கடைசிவரை ஒருவரும் கேட்கவில்லை.