'நியூஸ்' நான்கு திசைகளின் சுருக்கமா?

"நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் என நாலு திசையிலிருந்தும் வருவதால்தான் அதற்கு நியூஸ் என்று பெயர்" என்ற தகவல் வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மையில்லை.

'நியூ' என்றால் புதிய. அதன் பன்மைதான் 'நியூஸ்', அதாவது புதிய சங்கதிகள். பிரெஞ்சில் 'நூவெல்', லத்தீனில் 'நோவா' என்று பன்மையில் சொல்லும் அதே வழக்கம். 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரம் வருவதற்கு (1476) முன்பே, இந்தச் சொல் ஆங்கிலத்தில் புழங்கியது. இன்று ஒருமையாக நடத்தப்படும் இதை 19ஆம் நூற்றாண்டில்கூடச் சிலர் பன்மையாகவே எழுதினார்கள்.

எழுத்துக்கூட்டலைப் பார்த்தாலே கதை கவிழ்ந்துவிடும். 1622இல் லண்டனில் அச்சான செய்தித்தாள்களில் இந்தச் சொல் 'newes' என்று இருக்கும்; கடைசி எஸ்ஸுக்கு முன்னால் இன்னொரு ஈ (e) உண்டு. சரி, அந்த ஈ எந்தத் திசை?

அப்புறம், 'ரேடார்' போல முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் உண்டாக்கும் பழக்கம் ஆங்கிலத்தில் பரவலானதே 20ஆம் நூற்றாண்டில்தான். வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு என்று அந்த வரிசையில் யார்தான் திசை சொல்கிறார்கள்?