கெல்வின் எண்ணைக் கூட்டினால் படம் நீலமாகுமா?

"கெல்வின் கூடக் கூட ஒளி நீலமாகும். அதனால் கேமராவில் ஒயிட் பேலன்ஸை 8000-இல் வைத்தால் படம் நீலமாகும், 3000-இல் வைத்தால் மஞ்சளாகும்." வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தக் குறிப்பின் முதல் வரி சரி. அடுத்தது நேர் தலைகீழ்.

கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் அலகு; ஒயிட் பேலன்ஸ் என்பது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி கேமரா நிறத்தைச் சரிக்கட்டும் அமைப்பு. மெழுகுவர்த்தி ஒளி ஏறத்தாழ 1900 கெல்வின், குண்டு பல்பு 2700 முதல் 3200, நண்பகல் வெயில் சுமார் 5500. இவை வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவுகள். கேமராவில் நாம் வைக்கும் எண்ணோ, "இங்கே இருப்பது இந்த வெளிச்சம், சரிக்கட்டு" என்ற கட்டளை. 8000 வைத்தால், சுற்றிலும் நீல ஒளி என்று எடுத்துக்கொண்டு கேமரா மஞ்சளைக் கூட்டும். 3200 வைத்தால் நீலத்தைக் கூட்டும். சந்தேகமா? வெயிலில் காயும் வெள்ளைச் சட்டையை 3200-இல் எடுத்துப் பாருங்கள், சொட்டுநீலம் அதிகம் போட்டு அலசியதுபோல வரும்.

தப்பான குறிப்பை நம்பினால் இந்த அமைப்பின் அழகான பயனே கைநழுவிப் போகும். சாயங்காலம் டங்ஸ்டன் அமைப்பை (குண்டு பல்புக்கானது, சுமார் 3200) வைத்து, எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் போகும் ஒளியை, கொஞ்சம் குறைத்தால் வானம் அடர்நீலமாகும். சரி, முன்னால் நிற்பவரின் முகமும் நீலமாகிவிடுமே? அதற்குத்தான் ஃபிளாஷ் மேல் ஆரஞ்சு ஜெல், அதாவது ஒளி ஊடுருவும் வண்ணத் தாள், ஒட்டுவது. ஃபுல் சி.டி.ஓ. எனப்படும் அடர் ஆரஞ்சு ஜெல் ஃபிளாஷ் ஒளியைச் சுமார் 3200-க்கு இறக்கும். தோல் இயல்பாக இருக்க, பின்னணி மட்டும் நீலமாகும்.

ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் படக் கோப்பு) ஒயிட் பேலன்ஸைப் பிறகு கணினியில் மாற்றிக்கொள்ளலாம் என்பதும் உண்மைதான். ஆனால் ஜெல் இல்லாமல் எடுத்த படத்தில் ஒயிட் பேலன்ஸுக்கான அந்த ஒரே ஸ்லைடர் முகத்தையும் வானத்தையும் சேர்த்தே இழுக்கும்.